ஒரம்பரை இல்லாத ஊர்

1988-லிருந்து 1999 வரை, பதினோரு வருட அமெரிக்க வாழ்க்கையில், வெள்ளியங்கிரி ஓட்டலில் தங்கிய இரவுகள் நான்கு. நான்கும் கம்பெனி வேலையாகப் போனபோது வேறு வழியில்லாமல் தங்கியவை. நான்கிலும் தூக்கம் வரவில்லை என்று அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். மற்றபடி சிகாகோ ஆகட்டும், நயாகரா ஆகட்டும், அவர் தலை சாய்த்தது யாராவது ஒரு தமிழர் வீட்டுச் சோபாவில்தான்.

அந்தத் தமிழரை முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. புது ஊருக்குள் கார் நுழைந்ததும் முதல் கேஸ் ஸ்டேஷனில் நிறுத்துவார். அங்கே டெலிபோன் கூண்டில் சங்கிலியில் தொங்கும் டைரக்டரியைப் புரட்டுவார். முத்து என்று தொடங்கும் பெயர், பழனி என்று தொடங்கும் பெயர், சுப்பிர என்று தொடங்கும் பெயர், ஏதாவது ஒன்று அகப்படாமல் போகாது. காசு போட்டு, "வணக்கமுங்க, நான் டாலஸ்ல இருந்து வெள்ளியங்கிரி பேசறனுங்க. பூர்வீகம் கிணத்துக்கடவு" என்று ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு அடுப்பில் உலை கொதிக்கும். ஒரு தடவை ஓக்லஹோமாவில் கோவிந்தர் என்ற பெயரைப் பார்த்துக் கூப்பிட்டார். அவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்த பாதிரியார். தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். மனைவி, மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வெள்ளியங்கிரி கிளம்பினார்.

போகிற இடத்தில் சாப்பிடுகிறவர், வருகிறவர்களுக்குப் போடுவதிலும் குறை வைத்ததில்லை. டாலஸை ஒட்டிய காப்பெலில் அவர் வீடு வாங்கியபோது ஏஜென்ட் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். வெள்ளியங்கிரி விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். பதினைந்து நிமிடம். அதற்குப் பிறகு டாலஸ் வழியாக எங்கே பறக்கிற தமிழரும் அந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிடாமல் பறந்ததில்லை. விமானம் ரத்தானால் இரண்டு நாள். பிள்ளையைக் காலேஜில் சேர்க்க வந்தால் ஒரு வாரம். வேலை தேடி வந்தால், வேலை கிடைக்கும்வரை. கொங்குப் பக்கத்தில் சொந்தக்காரனையும் விருந்தாளியையும் ஒரே சொல்லால்தான் குறிப்பார்கள்: ஒரம்பரை. டெக்சாஸில் அந்தச் சொல்லுக்கு முழு அர்த்தம் கொடுத்தவர் வெள்ளியங்கிரி. அரிசியும் பருப்பும் கொடுத்தவர் அவர் மனைவி கலாவதி.

கலாவதி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன் மேஜையில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் வருகிறவர்களைச் சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்வது வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அதே வேலை, சம்பளம் மட்டும் இல்லை. அவள் முணுமுணுக்கிறவள் அல்ல. விருந்தாளி அறையின் படுக்கை விரிப்பைக் கழற்றி வாஷிங் மெஷினில் போடும்போது மட்டும் கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்துவாள். அந்தச் சத்தத்தை வெள்ளியங்கிரி மெஷின் கோளாறு என்று நினைத்து, இரண்டு முறை ஆள் வரவழைத்துப் பார்த்தார்.

1999 மே மாதம் கிளினிக்குக்கு மிஸஸ் பிராட்லி வந்தார். எழுபத்தைந்து வயது. இங்கிலாந்தில் நார்ஃபோக் என்ற கடலோர மாவட்டத்தில் பிறந்தவர். யுத்த காலத்தில் அங்கே முகாமிட்டிருந்த ஒரு டெக்சாஸ்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். டாக்டர் உள்ளே வேறொருவர் கடைவாய்ப் பல்லோடு போராடிக்கொண்டிருந்ததால் அவர் கலாவதியிடம் ஊர்க்கதை சொல்ல ஆரம்பித்தார். கடல் வடியும்போது ஒரு மைல் தூரத்துக்கு வெறும் மணலாக இருக்கும். மணல் திட்டில் சீல் என்கிற கடல்நாய்கள் மல்லாந்து கிடக்கும். ஆகஸ்ட் முடிந்து பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடம் திரும்பிய பிறகு போகவேண்டும். அப்போதுதான் வெயிலும் இருக்கும், கூட்டமும் இருக்காது.

"மனுஷங்க எப்படி?" என்று கலாவதி கேட்டாள்.

"நல்லவர்கள். தலையை மட்டும் அசைப்பார்கள். பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்."

மிஸஸ் பிராட்லி இதைக் குறையாகத்தான் சொன்னார். கலாவதிக்கோ சாயங்காலம் வீடு போய்ச் சேரும்வரை அந்த ஒரு வாக்கியமே காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

காலமும் கூடிவந்தது. ஒரே மகள் அஞ்சனா ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஆஸ்டினில் காலேஜ் சேரப்போகிறாள். போன வருடம்தான் குடியுரிமை வாங்கியதால் இங்கிலாந்துக்கு விசா வேண்டாம். வெள்ளியங்கிரி வேலை பார்த்த டெலிபோன் கம்பெனியில், இரண்டாயிரமாவது வருடம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்ற பயத்தில், செப்டம்பர் பாதிக்கு மேல் யாருக்கும் லீவு கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். போவதென்றால் செப்டம்பர் முதல் வாரம். ஜூனில் ஒரு நாள் சாப்பிடும்போது கலாவதி பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, இந்த வருசம் நாம ரெண்டு பேரும் நார்ஃபோக் போலாமுங்க."

"வர்ஜீனியால இருக்குதே, அதா? அங்க நம்ம பழனிவேலு இருக்கான்."

"அது இல்லீங்க. இங்கிலாந்துல."

"அங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க. அதனாலதான் போலாங்கறேன்."

வெள்ளியங்கிரி சாப்பிடுவதை நிறுத்தினார். கேள்விப்பட்டதே இல்லை. இந்தியா போவதென்றால் அப்பா அம்மாவைப் பார்க்க. நியூஜெர்சி போவதென்றால் மச்சினனைப் பார்க்க. பார்க்க ஆளில்லாத ஊருக்கு மனிதன் எதற்காகப் போவான்?

"எட்டு நாளுங்க. யாரு வீட்லயும் தங்கக்கூடாது. யாருக்கும் சோறாக்கக்கூடாது. யாரும் நம்மள 'பொண்ணு எங்க படிக்குது, வீடு எத்தனை சதுர அடி'ன்னு கேக்கக்கூடாது. இது ஒண்ணுதான் நான் கேக்கறது. சரின்னா சொல்லுங்க. இல்லைன்னா விட்டுடலாம்."

கல்யாணமாகி இருபது வருடத்தில் கலாவதி தனக்கென்று கேட்டது குறைவு. அது வெள்ளியங்கிரிக்கும் தெரியும். "அட, அதுக்கென்ன அம்மிணி, போயிட்டு வரலாம்" என்றார்.

சொன்ன கையோடு விமான டிக்கெட்டும் எடுத்தார். பிறகு திட்டத்தில் இறங்கினார். இறங்கினால் அவர் முழு மூச்சாக இறங்குகிறவர். சாப்பாட்டு மேஜையில் இங்கிலாந்து வரைபடம் விரிந்தது. எந்த ரயிலில் ஏறி எங்கே கார் வாடகைக்கு எடுப்பது, எந்தெந்த நாள் கடல் எத்தனை மணிக்கு வடிகிறது, சீல் பார்க்கும் படகு எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படியாயிற்று. ஒவ்வொரு நாளைக்கும் ஒரு கலர் பேனா. கலாவதி வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

"தங்கறதுக்குங்க?"

"அதெல்லாம் ஆச்சு."

"புக் பண்ணிட்டீங்களா?"

"சொல்றேன்ல, எல்லாம் ஆச்சு. நீ ஸ்வெட்டர் எடுத்து வெச்சியா?"

பொய் சொல்லவில்லை. ஆகியிருந்தது. டிக்கெட் வாங்கிய மூன்றாம் நாளே, கல்லூரிப் பழைய மாணவர்களின் மின்னஞ்சல் குழுவில், 'இங்கிலாந்து நார்ஃபோக்கில் நம்ம ஆள் யாராவது உண்டா?' என்று ஒரு வரி போட்டிருந்தார். ஒரு ஆபத்து என்றால் தெரிந்துவைத்துக்கொள்ளலாமே என்றுதான் போட்டார். அதற்கு ஒரு தொலைபேசி எண் வந்தது. டாக்டர் கிட்டுசாமி, மேட்டுப்பாளையத்துக்காரர், கிங்ஸ் லின் ஊரில் கடலுக்குப் பக்கம் வீடு. எண் கிடைத்த பிறகு கூப்பிடாமல் இருப்பது மரியாதை இல்லை. கூப்பிட்டார். டாக்டர், "வேற எடத்துல தங்கினீங்கன்னா அப்பறம் என்ற மூஞ்சிலயே முழிக்காதீங்க" என்றார். இதுவரை டாக்டரின் மூஞ்சியைப் பார்த்தே இராத வெள்ளியங்கிரி நெகிழ்ந்துபோனார்.

வீட்டில் மட்டும் சொல்லவில்லை. அங்கே போய், அந்த வீட்டு வாசலில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். அங்கே டாக்டரின் மனைவி ஷ்யாமளா அக்கா சூடாகக் காப்பி கொடுத்தால் கலாவதி கோபப்படவா போகிறாள்? காப்பியின் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

ஆனால் ஷ்யாமளா அக்கா வாசல் வரை காத்திருக்கவில்லை. அஞ்சனாவை ஆஸ்டினில் விட்டுவிட்டு வந்த மறு சனிக்கிழமை காலை போன் அடித்தது. வெள்ளியங்கிரி வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்தார். கலாவதி எடுத்தாள்.

"கலாவதிங்களா? நான் ஷ்யாமளா பேசறனுங்க. கிங்ஸ் லின்ல இருந்து. டாக்டர் கிட்டுசாமி வீட்ல."

கலாவதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பதினோரு வருடப் பழக்கம் வாயிலிருந்து தானாக வந்தது. "சொல்லுங்க அக்கா, சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க. நீங்க வர்றது எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். எட்டு நாளும் இங்கதான் இருக்கோணும்னு டாக்டரு கண்டிஷனாச் சொல்லிட்டாரு. மாடி ரூமை ஒழிச்சு வெச்சிருக்கேன்."

"எட்டு நாளுங்களா?"

"அப்படித்தான உங்க வீட்டுக்காரரு சொன்னாரு? அப்பறம் அந்த ஞாயித்துக்கிழமை நார்விச், கேம்பிரிட்ஜ் பக்கமிருந்தெல்லாம் நம்ம ஆளுக ஒரு இருபது பேரு வர்றாங்க. அரிசிம்பருப்புச் சாதம் உங்க கையால ஆக்கினா அப்படி இருக்கும்னு உங்க வீட்டுக்காரரு சொன்னாருங்களாமா. டாக்டரு அதை எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டாரு. பெரிய குண்டா எங்கிட்ட இருக்குதுங்க, நீங்க ஒண்ணும் கொண்டுவர வேண்டாம்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ ஒரு ஆண் குரல், "அக்கா, டவல் எங்கீங்க?" என்று கேட்டது.

"வீட்ல ஒரம்பரைங்களா?" என்றாள் கலாவதி.

"ஆமாங்க. கோடை வந்தா இங்க இப்படித்தான். கடலோரத்துல வீடு வாங்கினது தப்பாப் போச்சுங்க." ஷ்யாமளா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று கலாவதி யோசித்தாள். போனை வைத்த பிறகுதான் பிடிபட்டது. வாசலில் மணி அடிக்கும்போதெல்லாம் அவளே சிரிக்கிற சிரிப்பு அது.

அவள் கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. வெள்ளியங்கிரி தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"ஷ்யாமளா அக்கா போன் பண்ணினாங்க."

"எந்த ஷ்யாமளா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"நாம எட்டு நாள் தங்கப்போறமே, அந்த ஷ்யாமளா."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தேவைக்கு அதிகமாகவே துடைத்தார். "சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"இருந்துச்சுங்க."

"இல்ல கலா, நல்லா யோசிச்சுப் பாரு. தெரியாத ஊரு. தெரியாத சனம். ராத்திரில நெஞ்சு வலின்னா யாரைக் கூப்பிடறது? இவரு டாக்டரு வேற. மேட்டுப்பாளையம் வேற."

"இருபது பேருக்குச் சோறாக்கச் சொல்றாங்க."

"உன்ற கைப்பக்குவத்தைக் கொஞ்சம் சொன்னேன். அதுக்கு இப்படிப் பண்ணிப்போட்டாரு."

கலாவதி திட்டியிருந்தால் வெள்ளியங்கிரி சமாளித்திருப்பார். அவள் உள்ளே போய், வாஷிங் மெஷின் கதவைத் திறந்து, ஒன்றும் போடாமல் ஓங்கிச் சாத்தினாள். அது கோளாறு இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அவளால் ஒரேயடியாகக் கோபப்படவும் முடியவில்லை. காரணம் இருந்தது. 1988-ல் வெள்ளியங்கிரி தன்னந்தனியாக டாலஸில் வந்து இறங்கியபோது, அழைத்துப்போக வருவதாகச் சொன்ன நண்பன் வரவில்லை. பெட்டியும் வரவில்லை. கையில் ஒரு விலாசம் கூட இல்லாமல் விமான நிலையத்து டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி, கோபாலசாமி என்ற பெயரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார். முன்பின் தெரியாத அந்தக் கோபாலசாமி லுங்கியோடு காரை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று வாரம் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து உலகம் முழுவதும் கோபாலசாமிகளால் நிரம்பியது என்பது வெள்ளியங்கிரியின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குத்தான் கலாவதி பதினோரு வருடமாக அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

ஆனால் இந்த எட்டு நாளை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இதை விட்டால் அடுத்த வருடம் யாருக்காவது கல்யாணம் வரும். அதற்கடுத்த வருடம் யாராவது வேலை தேடி வருவார்கள்.

திங்கட்கிழமை மதியம் கிளினிக்கிலிருந்து மிஸஸ் பிராட்லியைக் கூப்பிட்டாள். அவர், வெல்ஸ் என்ற கடற்கரை ஊரில் மிஸஸ் டார்பி என்ற அம்மாள் வீட்டு மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறாள், காலை உணவும் தருவாள் என்று எண்ணைக் கொடுத்தார். கலாவதி உடனே கூப்பிட்டாள். மிஸஸ் டார்பி அதிகம் பேசவில்லை. எந்தத் தேதி, எத்தனை நாள் என்று கேட்டாள். கடைசியாக, எத்தனை பேர் என்று கேட்டாள்.

"ஒருத்தி" என்றாள் கலாவதி.

யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் திருத்தவும் இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். "நான் ரூம் போட்டுட்டேனுங்க. நீங்க டாக்டர் வீட்லயே தங்கிக்குங்க. முப்பது மைல்தானாமா. கார் இருக்குது, சாயங்காலம் வந்து என்னைப் பாருங்க. எங்காவது சுத்திப்போட்டு, ராத்திரிக்கு அவிய வீட்டுக்குப் போயிருங்க."

வெள்ளியங்கிரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும் நிறுத்திக்கொண்டார்.

"என்ன கலா, வெளையாடறயா? புருசன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம். ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"அந்த ஊர்ல நம்மள யாருக்குத் தெரியும்? அதைத்தான நான் கேட்டேன்?"

"டாக்டரு என்ன நெனப்பாரு?"

"எனக்குக் கடல் காத்து வேணும்னு நீங்க சொல்லிக்குங்க."

"தனியா இருக்க உனக்குப் பயமில்லையா? ஏதாச்சும் ஒண்ணுன்னா?"

"நீங்கதான் முப்பது மைல்ல டாக்டரோட இருக்கீங்களே."

வெள்ளியங்கிரி எழுந்து போய் ஆஸ்டினுக்குப் போன் போட்டார். மகள் தன் பக்கம் பேசுவாள் என்று ஒரு நப்பாசை.

"அஞ்சு, உங்கம்மா பண்றதைக் கேட்டியா? தனியாத் தங்கறாளாமா!"

"அப்பா, ஷி ஜஸ்ட் வான்ட்ஸ் எ வெக்கேஷன்."

"நானும் வெக்கேஷன்தான் வர்றேன் கண்ணு."

"நோ அப்பா. யூ ஆர் கோயிங் டு டாக்டர் அங்கிள்ஸ் ஹவுஸ். தட்ஸ் நாட் எ வெக்கேஷன், தட்ஸ் நம்ம வீடு வித் வொர்ஸ் வெதர்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் சண்டை இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. கலாவதி ஒரு சின்னப் பெட்டியை எடுத்து அவளுடைய துணிகளை மட்டும் அதில் அடுக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து இருவர் துணியும் ஒரே பெட்டியில்தான் போகும். மேலே ரைஸ் குக்கர், ஓரத்தில் ஊறுகாய் பாட்டில். இப்போது அவருடைய பெரிய பெட்டி வாயைத் திறந்துகொண்டு வெறுமனே கிடந்தது. ரைஸ் குக்கரை அவரே தூக்கி உள்ளே வைத்துப் பார்த்தார். அது ஒரு மூலையில் அநாதையாக உட்கார்ந்தது.

வியாழக்கிழமை, "அந்த ரூம்ல கட்டில் பெருசா, சின்னதா?" என்று கேட்டார்.

"சின்னதுங்க. ஒரு ஆளுக்கு."

வெள்ளிக்கிழமை, "தரைல படுக்கலாமா? கார்ப்பெட் இருக்குமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நான் கேக்கலீங்களே."

ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி குடித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெள்ளியங்கிரி போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வாழ்க்கையில் அவர் யார் வீட்டுக்கும் வரவில்லை என்று சொன்னது கிடையாது. என்ன சொல்வதென்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவைக்கு எண்ணை அழுத்தி, கலாவதியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். தன் தியாகத்துக்கு ஒரு சாட்சி வேண்டுமே.

"அக்கா, வெள்ளியங்கிரி பேசறனுங்க. எங்க ப்ளான்ல ஒரு சின்ன சேஞ்சுங்க. கோவிச்சுக்கக்கூடாது..."

"வரலீங்களா?" என்றாள் ஷ்யாமளா.

"கலாவுக்குக் கடலை ஒட்டினாப்பல தங்கோணும்னு ஒரு ஆசைங்க. அதனால வெல்ஸ்ல..."

அந்தப் பக்கம் ரிசீவரைக் கையால் பொத்துகிற சத்தம் கேட்டது. சரியாகப் பொத்தவில்லை.

"ஏனுங்க! அவிய வரலியாமா!"

"நெசமாவா?" என்று தூரத்தில் டாக்டரின் குரல். அதைத் தொடர்ந்து நாற்காலி இழுபடும் சத்தம். மனிதர் எழுந்தே வந்துவிட்டார் போலிருக்கிறது.

ஷ்யாமளா திரும்ப வந்தபோது குரல் துக்க வீட்டுக் குரலாக மாறியிருந்தது. "எங்களுக்கு ரொம்ப வருத்தமுங்க. டாக்டருக்கு மனசே ஆறல."

"ஒரு நாள் காப்பிக்காவது வந்துட்டுப் போறமுங்க."

"வந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த வாரம் நாங்க ஸ்காட்லாந்து போறமுங்களே."

"அப்படிங்களா? எப்ப ப்ளான் பண்ணினீங்க?"

"இப்பத்தானுங்க" என்றாள் ஷ்யாமளா. பொய் சொல்லத் தெரியாத மனுஷி. சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்க தம்பி. ஜூன்ல இருந்து ஒரு ஞாயித்துக்கிழமை கூட நாங்க ரெண்டு பேரும் மட்டும் உக்காந்து சாப்பிடலீங்க. உங்க வீட்ல கலாவதி இருக்காங்களா? அவங்களுக்கு என்ற நன்றியைச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு வெள்ளியங்கிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கலாவதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிரித்தால் கெட்டது.

"சந்தோஷப்பட்டாங்க கலா."

"ஆமாங்க."

"ரெண்டு பேரும் சந்தோஷப்பட்டாங்க." அவர் குரல் இறங்கியது. "கோபாலசாமி அண்ணன் வீட்ல மூணு வாரம் இருந்தேன். நான் கிளம்பினப்ப அவரு வீட்டு அக்காவும் இப்படித்தான் கதவைச் சாத்திப்போட்டுச் சந்தோஷப்பட்டிருப்பாங்களோ..."

கலாவதிக்குச் சிரிப்பு போய்விட்டது. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீங்க போக எடமில்லாமப் போனீங்க. அதுல யாருங்க அலுத்துக்குவாங்க? அவிய இன்னைக்கும் பொங்கலுக்குப் போன் பண்றாங்கல்ல?"

"பண்றாங்க."

"நமக்கு இப்பப் போக எடம் இருக்குதுங்க. அதுதான் வித்தியாசம்."

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க, பதினோரு வருடத்தில் படுத்த சோபாக்கள் வரிசையாக மனதில் வந்தன போலும். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"நம்ம வீட்டுக்கு வர்றவங்க வரலைன்னு சொன்னா, நீயும் இப்படித்தான் சந்தோஷப்படுவியா?"

"எல்லாருக்கும் இல்லீங்க."

"யாருக்கு?"

"பேரு சொன்னா, அவிய அடுத்த தடவை வர்றப்ப நீங்க வாயைத் தொறந்து சொல்லிப்போடுவீங்க."

அது நியாயம்தான் என்று வெள்ளியங்கிரிக்கே பட்டது. மேற்கொண்டு கேட்கவில்லை. எழுந்து போய் பெரிய பெட்டியிலிருந்து ரைஸ் குக்கரை வெளியே எடுத்து அடுக்களையில் வைத்தார். திரும்பி வந்து, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, "அந்தம்மாகிட்ட ரெண்டு பேருக்கு ரூம் இருக்குதான்னு கேளு" என்றார்.

"கேக்கறேனுங்க. ஆனா ஒண்ணு. அங்க யாருகிட்டயும் போயி, 'நான் டாலஸ்ல இருந்து வெள்ளியங்கிரி'ன்னு ஆரம்பிக்கக்கூடாது."

"குட் மார்னிங் கூடச் சொல்லக்கூடாதா?"

"அவிய சொன்னாச் சொல்லுங்க."

கலாவதி அப்போதே கூப்பிட்டாள். பள்ளிகள் திறக்கிற வாரம் என்பதால் அடுக்களைக்கு மேலே உள்ள பெரிய அறை காலியாக இருந்தது. மிஸஸ் டார்பி பெயரை மாற்றி எழுதிக்கொண்டாள். இரண்டாவது ஆள் யார் என்று கேட்கவில்லை. கலாவதிக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வெள்ளியங்கிரிக்கு அது கொஞ்சம் வருத்தம்.

செப்டம்பர் நான்காம் தேதி, சனிக்கிழமை மாலை, இருவரும் டாலஸில் விமானம் ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மிஸஸ் டார்பி கதவைத் திறந்து, தலையை அசைத்து, சாவியைக் கொடுத்து, காலை உணவு எட்டரை மணிக்கு என்று சொல்லிவிட்டு, நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.